அவனின்றி ஆட்டமில்லை

(பெருமூளை வாதமுற்றோர் ஆடும் அனைத்துலகக் கால்பந்துப் போட்டிகள் குறித்துக் கெடா மாநிலத் தோட்ட மக்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)

 

தோட்டப்புறத்திற்கும் கால்பந்துக்கும் உள்ள உறவை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொழுது புலருமுன் பிரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் இளைஞர், மாலையானதும் களைப்பை மறந்து திடலில் கூடுவது நம்மிடையே வழிவழியாக வந்த வழக்கம். சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம், கோலக் கெட்டில் வட்டாரங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் போலவே பந்துத் திடலும் தோட்டத்தின் ஓர் அங்கமாகவே விளங்கி வந்துள்ளது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய சந்திரனையும், ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே போற்றிய கோல்காவலர் ஆறுமுகத்தையும் பற்றி இன்றும் பெருமையோடு பேசாத தமிழர் இல்லை.

ஆனால், நாம் இன்று கூற வந்தது நீங்கள் அதிகம் கேள்விப்பட்டிராத ஒரு கால்பந்தாட்டத்தைப் பற்றியது. பெருமூளை வாதம் உடையவர்கள், நாட்டுக்கு நாடு குழு அமைத்து, அனைத்துலகப் போட்டிகளில் ஆடும் ஆட்டம் அது. ‘நடக்கவே தடுமாறுபவன் பந்து ஆடுவதா?’ என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். அந்த வியப்புக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதற்கண், பெருமூளை வாதம் என்பது யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குழந்தை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும் வேளையிலோ, பிறந்த சிறிது காலத்திலோ, வளர்ந்து வரும் மூளையில் ஏற்படும் பாதிப்பே இதற்குக் காரணம். ஆங்கிலத்தில் இதனைச் ‘செரிப்ரல் பால்சி’ என்பர். கையும் காலும் நன்றாகவே இருக்கும். அவற்றை ஆட்டுவிக்கும் மூளையின் கட்டளைதான் ஒழுங்காகச் சென்று சேர்வதில்லை. இதனால் சிலருக்குத் தசைகள் விறைத்துக்கொள்ளும், சிலருக்குக் கைகால்கள் தம் விருப்பின்றியே அசையும், சிலருக்கு நிலைதடுமாறும். உலகில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று குழந்தைகளுக்கு இக்குறை இருப்பதாக மருத்துவ உலகம் கணக்கிட்டுள்ளது.

இது தொற்றுநோய் அன்று. செய்வினையும் அன்று, முன்வினைப் பயனும் அன்று, தாய் செய்த பிழையும் அன்று. காலம் செல்லச் செல்ல மூளையின் பாதிப்பு பெருகுவதும் இல்லை. இன்னுமொன்று: வாய் குழறுகிறது என்பதற்காக அறிவு குன்றியிருக்கிறது என்று எண்ணிவிடலாகாது. பேச்சு தெளிவாக வராத பிள்ளைகளுள் பலர், நாம் பேசுவதை எல்லாம் நன்கு புரிந்துகொள்ளும் அறிவு படைத்தவர்கள். தம்மைப் பற்றி அண்டை வீட்டார் கூறும் ஏளனச் சொல்லும் அவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

இக்குறை சிலவேளைகளில் தடுக்கக் கூடியதும் ஆகும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையாகி, உரிய சிகிச்சை கிடைக்காமற்போனால், அது மூளையைத் தாக்கும். ஜி6பிடி எனப்படும் நொதிக்குறைவு உள்ள குழந்தைகளுக்கு இந்த அபாயம் அதிகம். ஆகையால்தான் நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறந்தவுடனேயே தொப்புள்கொடி இரத்தத்தில் அதனைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அக்குறையுள்ள குழந்தையின் துணிகளுக்கிடையே அந்துருண்டை வைத்தல் ஆகாது. உடல் மஞ்சளித்தால் வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடாமல், உடனே மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

இனி ஆட்டத்திற்கு வருவோம்.

1978ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், பெருமூளை வாதமுற்றோருக்கான அனைத்துலக விளையாட்டு விழாவில்தான் இந்த எழுவர் கால்பந்து முதன்முதலாக ஆடப்பட்டது. 1984ஆம் ஆண்டு, உடற்குறையுடையோரின் ஒலிம்பிக் எனத்தக்க பாராலிம்பிக் போட்டியில் அது இடம்பெற்றது. 1988, 1992, 1996 ஆகிய மூன்று பாராலிம்பிக்கிலும் நெதர்லாந்து தங்கம் வென்றது. பின்னர் ரஷ்யாவும் உக்ரேனுமே முதலிடம் பெற்றன. ஆசியக் கண்டமும் பின்தங்கிவிடவில்லை. ஈரான் 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் வெண்கலம் பெற்றது. 2016ஆம் ஆண்டு ரியோ நகரில் இறுதியாட்டம் வரை சென்று, கூடுதல் நேரத்தில் உக்ரேனிடம் 2-1 என்ற கோல் கணக்கில் தோற்று, வெள்ளி பெற்றது. பாராலிம்பிக் தவிர, இவ்வாட்டத்திற்கெனத் தனியே உலகக் கிண்ணப் போட்டியும் நடைபெற்று வருகிறது. மகளிருக்கான முதல் உலகக் கிண்ணப் போட்டி 2022ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் சலோவ் நகரில் நடைபெற்றபோது, அமெரிக்கா ஆஸ்திரேலியாவை வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. மகளிர் ஆடுவது ஐவர் ஆட்டம்.

நம் நாட்டிலும் இது புதிதன்று. 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் நடைபெற்ற ஆசியான் பாரா விளையாட்டுப் போட்டியில் இவ்வாட்டமும் இடம்பெற்றிருந்தது.

இதன் விதிகளைச் சற்றே விரிவாகக் கூறுவோம். ஏனெனில், விதிகளில்தான் இதன் சிறப்பு அடங்கியுள்ளது. ஒரு குழுவுக்கு எழுவர். திடலின் நீளம் 70 மீட்டர், அகலம் 50 மீட்டர். கோல் கம்பங்களுக்கிடையே 5 மீட்டர். உயரம் 2 மீட்டர். ஒவ்வொரு பாதியும் 30 நிமிடம். ‘ஆஃப்சைட்’ என்னும் விதி கிடையாது. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி எறிய இயலாதவர், ஒரு கையாலேயே பந்தைத் திடலுக்குள் உருட்டிவிடலாம். மற்றபடி, நாம் அறிந்த கால்பந்தேதான். ஓட்டம் உண்டு; தள்ளுமுள்ளு உண்டு; நடுவரின் ஊதலும் மஞ்சள் அட்டையும் உண்டு. இரக்கப்பட்டு யாரும் யாருக்கும் கோல் விட்டுக் கொடுப்பதில்லை.

எல்லாவற்றினும் மேலான விதி ஒன்று உண்டு. ஆட்டக்காரர்களைக் குறையின் தன்மைக்கேற்ப மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள். மிகுந்த பாதிப்புடையோர் முதற்பிரிவு. நடுத்தரப் பாதிப்புடையோர் இரண்டாம் பிரிவு. லேசான பாதிப்புடையோர் மூன்றாம் பிரிவு. ஆட்டம் நடைபெறும் நேரம் முழுவதும், முதற்பிரிவைச் சேர்ந்த ஒருவரேனும் திடலில் இருந்தே ஆகவேண்டும். மூன்றாம் பிரிவினர் ஒருவருக்கு மேல் ஒரே சமயத்தில் ஆடக்கூடாது.

அன்பர்களே, இவ்விதியின் பொருளைச் சற்றே சிந்தியுங்கள். வலியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து வென்றுவிடலாம் என்று எந்தக் குழுவும் எண்ண முடியாது. மிகவும் தடுமாறுபவன் எவனோ, அவனைத் தேடிப் பிடித்து, பயிற்சி அளித்து, அவனுக்கும் பந்தைக் கொடுத்து ஆடும் குழுவே வெற்றி காணும். ‘அவனின்றி அணுவும் அசையாது’ என்று இறைவனைப் பற்றிக் கூறுவோம். இங்கே அந்தப் பிள்ளையின்றி ஆட்டமே இல்லை.

இவ்வாட்டத்தில் சேரத் தகுதியுடையோர் பிறவியிலேயே குறையுடையோர் மட்டும் அல்லர். மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ பக்கவாதம் கண்டவர்களும், விபத்தில் தலையில் அடிபட்டு ஒருபுறம் தளர்ந்தவர்களும் ஆடலாம். மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி, உயிர் தப்பி, வீட்டுத் திண்ணையில் அமர்ந்துவிட்ட இளைஞர் உங்கள் தோட்டத்திலும் இருக்கக்கூடும். ‘இனி உனக்கு ஆட்டம் இல்லை’ என்று அவருக்குக் கூறியவர்கள் இச்செய்தியையும் கூறுவார்களாக.

மகிழ்ச்சியான செய்திகளோடு வருந்தத்தக்க செய்தி ஒன்றையும் மறைக்காமல் கூறவேண்டியுள்ளது. ரியோ நகரில் ஆடியதே இவ்வாட்டத்தின் கடைசிப் பாராலிம்பிக் ஆகிவிட்டது. இதனைப் போதிய நாடுகளில் ஆடவில்லை என்னும் காரணத்தால், டோக்கியோ போட்டியிலிருந்து இதனை நீக்கிவிட 2015ஆம் ஆண்டிலேயே முடிவு செய்யப்பட்டது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் போட்டியிலும் அது இடம்பெறவில்லை. 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிக்கும் சேர்க்கப்படவில்லை. உலகெங்கும் பல இலட்சம் பேருக்கு இக்குறை இருந்தும், ஆட ஆள் போதவில்லையாம்! ஆட்கள் எங்கே போயினர்? வீட்டினுள் இருக்கின்றனர். பூட்டிய கதவுக்குப் பின்னே, தொட்டிலிலும் பாயிலும் இருக்கின்றனர்.

தோட்டத்துத் தாய்மார்களின் துன்பத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய், நடக்க இயலாத பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வாள்? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்நாள் கூலி இல்லை. நகரத்து மருத்துவமனைக்குச் சென்று வருவதென்றால் பேருந்தில் அரைநாள் கழிந்துவிடும். பிள்ளையை வெளியே தூக்கி வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவர். இவற்றையெல்லாம் தாங்க மாட்டாமலே பல தாய்மார்கள் பிள்ளையை உள்ளே வைத்துக்கொள்கின்றனர். அது அன்புக் குறைவன்று. ஆனால், விறைத்த தசையைச் சிறுவயதிலேயே நீட்டி மடக்கிப் பயிற்றாவிட்டால், மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடும். மூளையின் பாதிப்பு பெருகாவிடினும், கவனிப்பாரற்ற கைகால்கள் மேலும் மேலும் முடங்கும். பயிற்சியைத் தொடங்குவதற்கு நாள் கடத்துதல் தகாது.

செய்யவேண்டுவன யாவை? குழந்தை உரிய மாதத்தில் தலை நிற்காவிட்டாலும், உட்காராவிட்டாலும், கைகால்கள் விறைத்தோ தளர்ந்தோ இருந்தாலும், அரசாங்க மருந்தகத்தில் காட்டுங்கள். அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, கூலிம் ஆகிய நகரங்களின் அரசாங்க மருத்துவமனைகளில் இதற்குரிய சிகிச்சையும் உடற்பயிற்சிப் பிரிவும் உண்டு. மருத்துவரின் சான்றுடன் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிந்து, ஓ.கே.யூ. அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள், பெருமூளை வாதம் உடற்குறைப் பிரிவில் அடங்கும். பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள், 1984ஆம் ஆண்டு திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கப்பெற்று, இன்று நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேல் பெருகியுள்ளன. அவற்றில் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பயிற்சி அளிக்கப்படுகிறது. உடற்குறையைக் காரணமாகக் கூறி எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து திருப்பியனுப்பலாகாது என்பது, 2019ஆம் ஆண்டு முதல் கல்வி அமைச்சின் கொள்கையுமாகும்.

‘இதனால் என்ன ஆகிவிடப்போகிறது?’ என்று கேட்போருக்கு, நம் அண்டை மாநிலமான பெர்லிசைச் சேர்ந்த முகமட் ரிட்சுவான் முகமட் புசியைச் சுட்டிக்காட்டுவோம். பெருமூளை வாதமுடைய இவ்வீரர், 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 100 மீட்டர் தூரத்தை 12.07 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் மலேசியா பெற்ற முதல் தங்கம் அதுவே. ஒலிம்பிக் வீரருக்கு அளிக்கப்படுவதற்கு நிகராக, அவருக்கும் பத்து இலட்சம் ரிங்கிட் வெகுமதி கிடைத்தது. நடக்கவே இயலாதோருக்கும் வழி உண்டு. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பந்தை எறிந்தாடும் ‘போச்சா’ என்னும் ஆட்டத்தில், நம் நாட்டின் சியூ வேய் லுன் டோக்கியோ பாராலிம்பிக்கில் வெள்ளி வென்றார்.

எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்கும் என்று நாம் கூறவில்லை. பதக்கம் பெறாத பிள்ளைக்கும் வெயிலும் காற்றும் தோழமையும் வேண்டும் என்பதே நம் கருத்து. ஆடும் பிள்ளைக்குத் தசை வலுப்படும், நிலைதடுமாற்றம் குறையும், நண்பர்கள் கிட்டுவர். ‘என்னால் ஆகும்’ என்ற எண்ணமும் அவன் உள்ளத்தில் பிறக்கும்.

தோட்ட இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தைப்பொங்கல், தீபாவளி, கோயில் திருவிழாக்களை ஒட்டி நீங்கள் பந்தாட்டப் போட்டிகள் நடத்துகிறீர்கள். இனி நடத்தும்போது எழுவர் ஆட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகப் போட்டியின் அந்த ஒரு விதியை நம் திடலுக்கும் கொண்டுவாருங்கள்: ஒவ்வொரு குழுவிலும், உடற்குறையுடைய பிள்ளை ஒருவரேனும் ஆட்டம் முடியும் வரை திடலில் இருக்கவேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். பந்தொன்றும், சுண்ணாம்புக் கோடும், மருத்துவரின் யோசனையும், சற்றே பொறுமையும் போதும். அப்பிள்ளைகளை ‘நொண்டி’, ‘கோணக்கை’ என்று பட்டப்பெயரிட்டு அழைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டொழியுங்கள். பெற்றவர்கள் இட்ட பெயர் அவர்களுக்கும் உண்டு; அப்பெயரையே சொல்லிப் பந்தைத் தள்ளுங்கள்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர் நம் முன்னோர். பெருமூளை வாதமுற்ற பிள்ளையின் ஒவ்வோர் அடியும் அத்தகையதே. அந்த அடியை எடுத்து வைக்க அவன் ஆயத்தமாக உள்ளான். அவனைத் திடலுக்கு அழைத்து வரவேண்டிய பொறுப்பு பெற்றோருக்கும், தோட்டத் தலைவர்களுக்கும், இளைஞர்களுக்கும், நம் எல்லோருக்கும் உரியது. அப்பொறுப்பை நிறைவேற்றுவோமாக!