அச்சேற மறுத்த கவிதை

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பாடும் அவையில் வீட்டு அச்சுப்பொறியின் பழுதைப் பற்றிப் பேசலாமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். ஏட்டில் கீறிய காலத்தில் எழுத்தாணி முறிந்தால் முறிந்தது எதுவென்று புலவனுக்குத் தெரிந்தது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த அச்சுக்கூடத்திலும் தேய்ந்த எழுத்தைக் கண்ணால் கண்டு மாற்ற முடிந்தது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது தொட்டு நெடுங்காலம் தமிழ் அச்சுத்தொழில் கண்ணுக்குப் புலப்படும் தொழிலாகவே இருந்தது. வீட்டு மேசையில் அமர்ந்திருக்கும் இன்றைய பெட்டியோ காரணம் சொல்லாமல் வாய்மூடிக்கொள்கிறது. அதுவும் பெரும்பாலும் கவியரங்கத்திற்குப் புறப்படும் மாலையில்!

ஓய்வுபெற்ற பள்ளியாசிரியை ஒருவர், கவிஞர். 1997-இல் தாம் எழுதிய கவிதைகளை அப்போதே கணிப்பொறியில் தட்டச்சிட்டு வைத்திருந்தார். கையெழுத்துப் படியைக் கறையான் தின்றுவிட்டது. எஞ்சியது கணிப்பொறிக் கோப்பு ஒன்றே. பல ஆண்டுகள் கழித்து, அவற்றுள் ஒரு கவிதையைக் கூட்டத்தில் படிக்க விரும்பிப் பேரனின் மடிக்கணினிக்கு அக்கோப்பை மாற்றினார். திறந்து பாராமலேயே அச்சிடும்படி ஆணையிட்டார். ஒன்றும் வரவில்லை. மீண்டும் ஆணையிட்டார். விளக்கு எரிகிறது, தாள் இருக்கிறது, பொறி அசையவில்லை. மாலை வரை இது தொடர்ந்தது. பிறகு, தம் கைதான் எதையோ கெடுத்துவிட்டது என்று முடிவு செய்து, கூட்டத்திற்கு வர இயலாது எனச் சொல்லியனுப்பினார். மூத்த கவிஞர் பலரிடம் காணும் குணம் இது. பொறி கெட்டால் பொறியை ஐயுறாமல் தம்மையே ஐயுறுகிறார்கள். அன்று அவர் மீது ஒரு பிழையும் இல்லை.

நோய் என்றதும் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை எடுத்தோதுவது மேடை வழக்கம். இப்பொருளுக்கு அதனினும் நெருங்கி வருவது தொல்காப்பியத்துப் பிறப்பியல். உந்தியில் எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புகளோடு பொருந்தியே வேறுவேறு எழுத்தாகப் பிறக்கிறது என்கிறார் ஆசிரியர். வாய் பேசவில்லையெனில் குறை வாயில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அச்சுக்கும் இத்தகைய வழி உண்டு. கோப்பிலுள்ள சொல் எழுத்துருவை அடைந்து வடிவம் பெறுகிறது. ‘டிரைவர்’ என வழங்கும் இயக்கி மென்பொருள் அவ்வடிவத்தை அச்சுப்பொறிக்கு விளங்கும் மொழியாக்குகிறது. ஆக்கியது ஒரு வரிசையில் காத்து நிற்கிறது. பின் கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ பொறியைச் சேர்கிறது. உருளை தாளைப் பற்றி இழுக்க, மை படிகிறது. இவ்வழியில் எங்கே அறுந்தாலும் மேசைமுன் இருப்பவருக்குத் தெரிவது ஒன்றே: தாள் வரவில்லை.

ஆகவே முதலில் அறிய வேண்டியது, குறை பொறியிலா, பொறிக்கு முன்னுள்ள வழியிலா என்பது. நகலெடுக்கும் கண்ணாடி உள்ள பொறியாயின் அதில் ஏதேனும் ஒரு தாளை வைத்து நகல் எடுத்துப் பார்த்தாலே போதும். அது இல்லாத பொறிகளில், கணிப்பொறியின் துணையின்றித் தானே ஒரு சோதனைத் தாளை அச்சிடும் வசதி பெரும்பாலும் இருக்கும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும். நகல் தெளிவாக வந்துவிட்டால் மை, தாள், உருளை ஆகியவற்றின் மீதுள்ள ஐயம் நீங்கும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புதிய கார்ட்ரிட்ஜுக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

நகல் வரவில்லையெனின் குறை பொறியில். மைத்துளி தெறிக்கும் இங்க்ஜெட் வகையில் துளைகள் தலைமயிரினும் நுண்ணியவை; சில வாரங்கள் வாளாவிருந்தாலே மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். பொறியிலேயே உள்ள தூய்மை செய்யும் ஏற்பாட்டை இரண்டு அல்லது மூன்று முறை இயக்கி, பயனில்லையெனில் சில மணிநேரம் விட்டுவைத்து மீண்டும் முயல வேண்டும். ஓயாமல் இயக்கினால் உள்ள மையும் வீணாகும். வாரத்திற்கு ஒரு தாள் வண்ணத்தில் அச்சிட்டு வந்தால் இத்தொல்லை குறையும். கறுப்பு மை நிறைந்திருந்தும் வண்ண மை தீர்ந்தது என்று அச்சிட மறுக்கும் பொறிகளும் உண்டு. அஃது எவ்வகை அறம் என்று விளங்கவில்லை. லேசர் வகையில் உள்ளது உலர்ந்த தூள். அது காய்ந்து அடைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரு வகைக்கும் பொதுவான பகை ஈரத் தாள். ஈரமேறிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டிரண்டாக நுழைந்து சிக்கும். சிக்கிய தாளை வெடுக்கென்று இழுத்தல் கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தாள் செல்லும் திசையிலேயே இரு கையாலும் மெல்ல எடுக்க வேண்டும். கிழிந்த துண்டு ஒன்று உள்ளே தங்கினாலும் தாள் சிக்கியிருப்பதாகவே பொறி சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆசிரியை வீட்டில் நகல் தெளிவாகவே வந்தது. எனவே தேட வேண்டிய இடம் வழி. வீட்டில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றியவர்கள் அச்சுப்பொறிக்கு அதைச் சொல்ல மறந்துவிடுவதுண்டு. இங்கு அதுவும் இல்லை. விண்டோஸ் கணிப்பொறிகளில் சில வேளை ஆணை உண்மையான பொறிக்குப் போகாமல், பிடிஎஃப் கோப்பாக்கும் கற்பனைப் பொறிக்குப் போய்விடும்; கோப்புக்குப் பெயர் கேட்டு ஒரு கட்டம் தோன்றினால் அதுவே அடையாளம். அப்படியும் ஒன்றும் தோன்றவில்லை. பேரன் இறுதியில் வரிசையைத் திறந்து பார்த்தான். மூன்று வாரங்களுக்கு முன் யாரோ அச்சிட முயன்று பாதியில் நின்றுபோன மின்கட்டண ரசீது ஒன்று தலைமாட்டில் கிடந்தது. அதன் பின்னால் கவிதை கைகட்டி நின்றது.

“பாட்டி, பதினோரு தடவை அனுப்பியிருக்கீங்க!” என்றான் அவன்.

ஒவ்வோர் ஆணையும் வீணாகவில்லை. ஒவ்வொன்றும் வரிசையில் ஒரு படியாக நின்றிருந்தது. முன்னால் கிடப்பது நகராத வரை பின்னால் நிற்பது நகராது. அந்த ரசீதை நீக்க ஆணையிட்டால் நீங்குவதுபோல் காட்டி நீங்காமல் நிற்பதுண்டு. கணிப்பொறியை அணைத்து எழுப்பினாலும் போகாது. வட்டில் எழுதப்பட்டுக் கிடப்பதால் மீண்டும் வந்து நிற்கும். அப்போது ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்னும் பணியை நிறுத்தி, விண்டோஸின் சிஸ்டம்32 உறைக்குள் ஸ்பூல் என்பதனுள் இருக்கும் பிரிண்டர்ஸ் உறையை வெறுமையாக்கி, பணியை மீண்டும் தொடங்க வேண்டும். அங்ஙனம் செய்தால் வரிசை முழுவதும் அழிந்துவிடும்; வேண்டியதை ஒருமுறை மட்டும் புதிதாக அனுப்பலாம். பேரனுக்கு அவ்வளவு தொல்லை நேரவில்லை. ரசீது ஒன்றை நீக்கியதும் அது நீங்கிவிட்டது. அடுத்த கணமே பொறி உயிர்த்தெழுந்து பதினொரு படியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளியது.

ஆசிரியை முதல் தாளைக் கையில் எடுத்தார். அதில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாகச் சிதறிக் கிடந்தன. வரிகள் ஒடியும் இடங்கள் மட்டும் கவிதையைப் போலவே இருந்தன. பதினொரு தாளிலும் அப்படியே. எஞ்சியிருந்த ஒரே படியும் அழிந்ததென்றே அவர் கருதினார். கறையான் தின்ற நாளில் அழாதவர் அன்று அழுதார்.

கோப்பு அழியவில்லை. இதை 1990-களில் கணிப்பொறியில் தமிழ் எழுதிய ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளல் வேண்டும். யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், நடைமுறையில் நெடுநாள் அது வீட்டுக் கணிப்பொறிகளை எட்டவில்லை. விண்டோஸ் தமிழ் யூனிகோடுக்கு இடம் தந்தது 2000-இல்தான். அதுவரை எழுத்துரு ஆக்கியோர், ஆங்கில எழுத்துகளுக்குரிய இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை அமர்த்தினர். யார் எந்த இருக்கையில் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டியே தாம், தாப் என்னும் தர அமைப்புகள் வந்தன. 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆசிரியையின் கவிதை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் சேர்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. பாமினி உள்ள கணிப்பொறியில் அவை அம்மாவாகத் தெரியும். பேரனின் மடிக்கணினியில் பாமினி இல்லை. அது தனக்குத் தெரிந்தபடி காட்டிற்று. அச்சுப்பொறியும் பெற்றதை அப்படியே அச்சிட்டது.

எழுத்துருவைத் தேடி நிறுவி, கோப்பிலுள்ளவற்றை முழுதும் தெரிவுசெய்து, பாமினி எனக் குறித்தவுடன் திரையில் தமிழ் வந்தது. அதோடு நில்லாமல் எழுத்துரு மாற்றி மென்பொருளில் இட்டு யூனிகோடாக்கியும் வைத்தனர். இங்கே புலவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ‘கெ’ என்பதைக் கை எழுதும்போது கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக எழுதும். பாமினியும் அவ்வரிசையிலேயே சேமிக்கும். யூனிகோடோ ககர மெய்யை முன்னும் எகரக் குறியைப் பின்னும் வைக்கிறது. மெய் முன்னாக உயிர் பின்னாக ஒலிக்கும் என்ற இலக்கண வரிசை அது. பழையது கையைப் பின்பற்றியது. புதியது காதைப் பின்பற்றுகிறது. மாற்றும்போது தடுமாற்றம் நேர்வது இந்தக் கொம்புகளில்தான். கொம்பு தனித்து, புள்ளி வட்டத்தோடு நின்றால் அவ்விடத்தை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். கடையில் கொடுத்து அச்சிடுவோர், எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்தால், அக்கடையில் அந்த எழுத்துரு இல்லாவிடினும் கவலையில்லை.

வட்டத்துக் கவிஞர் வீடுகளில் பழைய பிளாப்பிகளும் வட்டுகளும் இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கும் கருவிகள் அருகி வருகின்றன. திறந்து பார்த்துக் குப்பை என்று அழிக்குமுன், எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பதை நினைவுகூர முயல்க. பெயர் மறந்திருந்தால் அக்காலத்தில் தட்டச்சிட்டவரைக் கேட்க.

பன்னிரண்டாவது படி தமிழில் வந்தது. ஆசிரியை கண்ணாடியை அணிந்துகொண்டு நின்றபடியே படித்தார். மூன்றாம் வரியில் வலி மிகும் இடத்தில் ஒற்று ஒன்று விடுபட்டிருந்தது. மாற்றும்போது விழுந்ததா, 1997-லேயே விடுபட்டதா என்று சொல்லக் கூடவில்லை. பேனாவை எடுத்து அதை இட்டுவிட்டு, கூட்டத்திற்குப் புறப்படப் பேரனை ஆட்டோ அழைத்துவரச் சொன்னார்.