பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலமும் நமது கடமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் காதையும் கண்ணையும் குருதியையும் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் எண்ணக்கூடும். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். மாலை வகுப்பு நடத்தினோம். உதவித்தொகை மனுக்களை எழுதிக் கொடுத்தோம். அவ்வளவும் செய்தும், ஐந்தாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் சில பிள்ளைகள் நம் கையைவிட்டு நழுவினர். அவர்களுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொன்னார்கள். நாமும் அதை நம்பினோம் என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் மாலை வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அழைத்தால் திரும்பமாட்டாள்; சொல்வதெழுதுதலில் பாதிச் சொற்களை விட்டுவிடுவாள். மூன்றாண்டுகள் அவளை மந்தபுத்தி என்றே கருதினோம். ஒரு நாள் அவள் பையில் மூலை மடிந்த சீட்டு ஒன்று அகப்பட்டது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு, காதில் சீழ் வடிகிறது, மேல்சிகிச்சைக்கு அனுப்புக என்று எழுதித் தந்த சீட்டு. அதன் தேதி பதினான்கு மாதங்களுக்கு முந்தையது. தாயாரைக் கேட்டோம். "ஒரு நாள் கூலி போகுமே அண்ணா, போனாலும் அன்றைக்கே பார்ப்பார்கள் என்பது என்ன நிச்சயம்?" என்றார். அதுவரை வீட்டில் எண்ணெயைக் காய்ச்சிக் காதில் ஊற்றி வந்திருக்கிறார்கள். செவிப்பறை ஓட்டையாகியிருக்கும்போது ஊற்றும் எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கிப் புண்ணை வளர்க்கும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. சங்கத்தார் இருவர் உடன் சென்று சிகிச்சை செய்வித்தோம். சீழ் நின்றது. ஒரு காதில் கேட்கும் திறன் முழுமையாகத் திரும்பவில்லை. பதினான்கு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தால் திரும்பியிருக்குமா என்று மருத்துவரைக் கேட்கும் துணிவு நமக்கு வரவில்லை.

சீட்டுக்கும் சிகிச்சைக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளம் நம் தெருவில் மட்டும் தோன்றியதன்று. இங்கிலாந்திலும் பள்ளி மருத்துவப் பரிசோதனை சட்டமானபோதே இது தோன்றியது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, ஏழைகள் வாழும் நகர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்களில் பலர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டனர். ஆட்சியாளர் கலங்கினர், 1904ஆம் ஆண்டில் ஒரு குழு அறிக்கை தந்தது, 1907ஆம் ஆண்டின் சட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிப்பதைக் கடமையாக்கியது. (படைக்கு ஆள் வேண்டுமென்ற கவலையில் பிறந்த கருணை அது, ஆயினும் கருணையே.) ஆனால் கண்டறிந்த நோய்க்குச் சிகிச்சை தருவதை அச்சட்டம் கடமையாக்கவில்லை. மார்கரெட் மக்மில்லனும் அவர் தமக்கை ரேச்சலும் லண்டனின் ஏழைப் பகுதிகளான போ என்னும் இடத்தில் 1908ஆம் ஆண்டிலும் டெப்ட்ஃபோர்டில் 1910ஆம் ஆண்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கென மருத்துவ நிலையங்களைத் திறந்தனர். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் கடமையென்று சட்டம் ஏற்க 1918 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் பரோடா நகரில் 1909ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பரிசோதனை தொடங்கியது. 1946ஆம் ஆண்டில் போர் குழுவும், 1961ஆம் ஆண்டில் ரேணுகா ராய் தலைமையிலான குழுவும் இதனை வலியுறுத்தின. 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிகளுக்கு இரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறைகள், சத்துக் குறைவுகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என முப்பது நிலைகளை அவர்கள் பார்க்கிறார்கள்; மேல்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு ஆள்தான் இல்லை.

கூலி மட்டும் தடையன்று. அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எடுத்துரைத்த நிகழ்ச்சி ஒன்றை இளைஞர்கள் மறக்கலாகாது. 1929ஆம் ஆண்டில் யங் இந்தியா ஏட்டில் கடிதமாக வெளிவந்தது அது. கத்தியவாரில் தீண்டப்படாத வகுப்பைச் சேர்ந்த ஓர் ஆசிரியர். பிள்ளை பெற்ற அவர் மனைவி கடுமையாக நோயுற்றார். வந்த மருத்துவர் அப்பெண்ணைத் தொடவில்லை. வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்துவிட்டு, அதே வழியில் திருப்பித் தந்தார். விளக்கொளியில் அதைப் பார்த்து நிமோனியா என்றார் மருத்துவர். அந்தத் தாய் பிழைக்கவில்லை. பழங்கதை என்று தள்ளிவிடவும் இயலாது. குஜராத், ராஜஸ்தான் சிற்றூர்களின் தலித் குழந்தைகளைப் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, நோயாளிக் குழந்தையைத் தொடுவதைத் தவிர்க்கும் வழக்கம் மறையவில்லை என்று பதிவு செய்தது.

ஆகவே பரிசோதனை நாளில் நம் பெற்றோர் பள்ளிக்குச் செல்ல வேண்டும். சென்று பார்க்க வேண்டும். கீழிமையை விரலால் இழுத்து வெளுப்பைப் பார்க்கிறார்களா, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பு வைக்கிறார்களா, காதிற்குள் நோக்குகிறார்களா, அல்லது பெயரைக் கூப்பிட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு அனுப்புகிறார்களா என்று. நம் பிள்ளைகளைத் தனி வரிசையில் நிறுத்தினால் அங்கேயே கேட்க வேண்டும். மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நுழையவோ பயன்பெறவோ தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி குற்றம்.

வீட்டிற்குள் நாம் திருத்திக்கொள்ள வேண்டியவையும் உண்டு. ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. சோகை பிடித்த பிள்ளை மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கும். நாம் அதைச் சோம்பல் என்போம். பள்ளியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை, வயிறு புரட்டுகிறது என்று வேலியோரம் எறிகிறார்கள். உணவுக்குப் பின் விழுங்கினால் புரட்டல் குறையும். சோற்றோடும் மாத்திரையோடும் தேநீர் கூடாது; அது இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்க்க உதவும். பிப்ரவரியில் தரும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடக் கூடாது.

கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். பார்வைக் குறையோடு வளரும் பிள்ளைக்குத் தன் குறை தெரியாது. உலகமே மங்கல்தான் என்று நினைத்திருக்கும். இலவசக் கண்ணாடி கிடைத்த பிறகும், அணிந்தால் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று பெட்டியில் பூட்டி வைத்த வீடுகளை நாம் கண்டோம். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளலாம், பூட்டியது பிள்ளையின் படிப்பை.

சங்கத்தின் செயற்குழு ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறது. பரிசோதனையில் சீட்டுப் பெற்ற பிள்ளையின் பெயர், சீட்டின் தேதி, உடன் செல்லும் இளைஞரின் பெயர், மருத்துவமனைக்குச் சென்ற நாள், திரும்ப வரச் சொன்ன நாள் ஆகியவை அதில் எழுதப்படும். தாயாரின் ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் வெள்ளி விழா நிதியிலிருந்து தர இசைந்துள்ளனர். வளைவு அமைக்க ஒதுக்கிய தொகையில் பாதி இதற்கு மாற்றப்பட்டதால்தான் இன்று வாசலில் வளைவு சிறியதாக இருக்கிறது. உடன் செல்ல இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களுள் பெண்கள் இருவரே. வளரிளம் பெண் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இன்னும் பெண்கள் வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் வீட்டிற்குச் சென்று, பிள்ளைகளின் பையிலும் பரணிலும் தேடிப் பாருங்கள். கிடைக்கும் சீட்டு எவ்வளவு பழையதானாலும் நாளை மாலைக்குள் மாலை வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள். இரண்டு சீட்டுகள் ஏற்கெனவே வந்துவிட்டன. ஒன்று கண், ஒன்று இதயம். இதயச் சீட்டோடு திங்கட்கிழமை முதல் பேருந்தில் கிளம்புகிறோம்.