கோதுமைக்கு ஒரு பரீட்சை

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், உதவித்தொகைக்கு இரு மாணவர்களுள் ஒருவனைப் பரிந்துரைக்க நேர்ந்தது. அவ்வாண்டுத் தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றவனையே பரிந்துரைத்தேன். மறு ஆண்டு வினாத்தாள் கடினமாக அமைந்தது, அவன் தேறவில்லை. பிறகுதான் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். மற்றவன் எந்தத் தேர்விலும் தாழ்ந்ததில்லை. ஆனால் அவன் அதற்குள் பணமின்றிப் படிப்பை விட்டிருந்தான். ஒரே தேர்வை நம்பியது என் பிழை.

வறண்ட நிலத்துக்குக் கோதுமை ரகம் தேர்வோரும் இப்பிழையைச் செய்யக்கூடும். ஓராண்டில் பயிர் தூர் கட்டும்போது நீர் குறையும். மற்றோராண்டில் மணி பால் பிடிக்கும்போது குறையும். ஆகவே ஒரே ரகத்தைப் பல இடங்களிலும் பல ஆண்டுகளிலும் விதைத்துப் பார்க்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, வளமான இடம், நடுத்தரமான இடம், வறண்ட இடம் ஆகிய மூன்றில் முதல் ரகம் எக்டேருக்கு 30, 18, 3 குவிண்டால் தருவதாகக் கொள்வோம். இரண்டாவது ரகம் 20, 17, 11 தருகிறது. சராசரியில் முதல் ரகமே மேல்: 17-க்கு 16. ஆயினும் வறண்ட நிலத்து உழவன் எதை விதைப்பான்?

1963-இல் பின்லே, வில்கின்சன் என்னும் அறிஞர்கள் தென் ஆஸ்திரேலியாவில் 277 பார்லி ரகங்களை ஆராய்ந்து ஒரு வழி காட்டினர். அது பின்னர்க் கோதுமைக்கும் பயன்பட்டது. ஓரிடத்தில் விதைத்த எல்லா ரகங்களின் சராசரி விளைச்சலே அவ்விடத்தின் தரத்துக்கு அளவுகோல். அதற்கு எதிராக ஒவ்வொரு ரகத்தின் விளைச்சலையும் வரைபடத்தில் குறித்தால் ஒரு கோடு கிடைக்கும். அதன் சாய்வு 1 எனில் நடுத்தர நிலைப்பு; 1-க்கு மேல் எனில் நல்ல இடத்தில் மிக உயர்ந்து, வறட்சியில் மிகத் தாழும் ரகம்; 1-க்குக் கீழ் எனில் அதிகம் மாறாத ரகம்.

மாறாமை மட்டும் போதுமா? எங்கும் 6 குவிண்டாலே தரும் ரகமும் மாறாததுதான்! எல்லாத் தேர்விலும் 20 மதிப்பெண் பெறுபவனை நாம் பாராட்டுவதில்லையே. சராசரியையும் சாய்வையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

இந்தியாவில் 1965-இல் வெளியான சி 306 என்னும் நெட்டைக் கோதுமை இதற்குச் சான்று. நீரும் உரமும் மிகுந்த வயல்களில் குட்டை ரகங்கள் அதனை வென்றன. மானாவாரி வயல்களில் அது நெடுங்காலம் நிலைத்து நின்றது.

உழவன் பத்தாண்டுச் சராசரியை உண்பதில்லை. அந்தந்த ஆண்டின் விளைவையே உண்கிறான். நாளை நீங்கள் பயிரையோ மனிதரையோ தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்கும்போது, பதிவேட்டை முழுவதும் புரட்டிப் பாருங்கள்.