சடங்கு முடிஞ்ச பிறகும் உளுந்தங்களி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு வந்தா பொறுத்துக்கோங்க.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு பற்றிச் சொல்ல என்னையும் இன்னொரு அக்காவையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினீங்க. கீரை, கேழ்வரகு, பயறுன்னு தாளில் எழுதிக்கிட்டுப் போனேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டாங்க. தாளை மடிச்சு வச்சிட்டு, "காலையில என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டேன். நிறையப் பேர் டீயும் பிஸ்கட்டும். சிலருக்கு அதுவும் இல்லை. ஒரு பிள்ளை எழுந்து, "நீங்க என்ன சாப்பிட்டீங்க அத்தை?"ன்னு கேட்டுட்டா. அன்னைக்கு நான் வெறும் காப்பியோடதான் போயிருந்தேன். பொய் சொல்ல வாய் வரலை.

நம்ம எட்டயபுரத்தில்தான் 1956-ல் காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார். 2022-ல் காலைச் சாப்பாடும் வந்தது, அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலைச் சாப்பாடு நம்ம அடுப்புக்குத் திரும்பிடுது. பொம்பளப்பிள்ளை பெரிய மனுஷி ஆகிற வயசும் அதை ஒட்டித்தான்.

வயசுக்கு வந்தா நாம என்ன செய்யுறோம்? 16 நாள் உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. சடங்கு முடிஞ்சுது, களியும் முடிஞ்சுது. மாசாமாசம் இரத்தம் போறது நிக்குதா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. நம்ம வீட்டுப் பிள்ளை அதில் இல்லைன்னு யாரு சொல்ல முடியும்?

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறாங்க, இரும்புச்சத்து மாத்திரை. வயித்தைப் புரட்டுது, வெளிக்குக் கருப்பா போகுதுன்னு சில பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கம் எறிஞ்சிடுறாங்க. கருப்பா போறது மாத்திரையாலதான், பயப்பட வேண்டாம். வெறும் வயித்தில் போடாம மதியம் சாப்பிட்ட பிறகு போட்டா புரட்டுறது குறையும். டீ, காப்பி உடனே குடிக்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது கழியணும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்தா நல்லா சேரும். முருங்கைக்கீரைக்கு நாம காசு கொடுக்கணுமா, என்ன? கொற்கைன்னா முத்துன்னு வெளியூரார் சொல்லுவாங்க. நம்ம பிள்ளைகளுக்குக் கொல்லையில் நிக்கிற முருங்கைதான் முத்து. பையன்களுக்கும் இதெல்லாம் வேணும், அவங்களும் வளர்ற வயசுதான்.

இன்னொண்ணு, கோவப்படாதீங்க. பள்ளிக்கூட வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தின்பண்டம் விற்கக் கூடாதுன்னு 2020-ல் விதி வந்திருக்கு. நம்ம குழுவிலேயே கடை வச்சிருக்கிற தங்கச்சிகள் உண்டு. பாக்கெட்டைச் சரம்சரமா தொங்கவிடுற இடத்தில் அவிச்ச கடலை, சுண்டல், தை மாசத்தில் பனங்கிழங்கு வச்சுப் பாருங்க. முதல் வாரம் போகாது, அது எனக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை கேட்டதில் இருந்து நான் காலையில் சாப்பிட்டுட்டுத்தான் பாத்திரம் கழுவுறேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு இட்லி சாப்பிடுறா. முன்னே நின்னுக்கிட்டே ஓடுவா.

அடுத்த மாசம் மறுபடி போறோம். பேச்சு கம்மி, ஒரு பெரிய சட்டி உளுந்தங்களி கிண்டிக் கொண்டுபோறோம். கருப்பட்டிக்குச் சொல்லி வச்சாச்சு. உளுந்து தர்றவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் கொடுங்க. தோல் உளுந்தா இருந்தா நல்லது.