ஒலியைக் கருவி தரும். மொழியை நாம்தான் தரணும்!

(தலைப்பு: செவித்திறன் குறைந்த குழந்தைக்கு மொழி புரியப் பெரிதும் துணை நிற்பது கருவிகளா, மனிதர்களா? 'மனிதர்களே' என்ற அணியில் பேசியது.)

கருவிகளின் பெருமையைக் காது குளிரப் பேசி அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர்.

நண்பர் என்ன சொன்னார்? காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வந்தாச்சு. காக்ளியர் இம்ப்ளான்ட் வந்தாச்சு. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்திலேயே 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. அப்புறம் என்ன என்றார். வந்தது உண்மை, வாழ்க! ஆனால் ஐயா, கருவி தருவது ஒலி. அதற்குப் பொருள் தருவது யார்? ஜப்பான் வானொலியைக் காதுகிட்ட வச்சா நமக்கும் நல்லாத்தான் கேட்கும். புரியுமா? (சிரிப்பு)

வள்ளுவர் 'கேள்வி'க்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சத்தம் கேட்பதற்காகவா? பொருள் உணர்வதற்காக!

'கண்ணன் அடிச்சான்', 'கண்ணனை அடிச்சான்'. இடையில் இருப்பது ஒரே ஓர் 'ஐ'. இரண்டாம் வேற்றுமை உருபு என்று வகுப்பில் நடத்துவோம். பேசும்போது பாதியை விழுங்கிவிடுவோம். அந்த 'ஐ' காதில் விழாத பிள்ளைக்கு அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்றே தெரியாது. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கட்டுமே என்பீர்கள். கண்ணாடி முன் நின்று 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். பாடச் சொன்னால் பிள்ளை மாட்டைத் தேடும்! (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு 'மந்தம்' என்று ஊர் பட்டம் கட்டுகிறதே, அது சிரிக்கிற விஷயமா?

இதைச் சரிசெய்வது அடுப்படியில் நிற்கும் அம்மா. திண்ணையில் இருக்கும் தாத்தா. கைக்கெட்டும் தூரத்தில் உட்காருங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும். 'பால்' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். 'பால் சுடுது, ஆத்திப் பாட்டிக்குக் கொடு' என்று முழு வாக்கியமாகப் பேசுங்கள், தினமும் பேசுங்கள். 'புரிஞ்சுதா?' என்றால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். 'யாருக்குக் கொடுக்கணும்?' என்று கேளுங்கள். அப்போது தெரியும் சேதி. டி.வி.யை அணையுங்கள், கருவி இரைச்சலையும் சேர்த்தல்லவா பெருக்குகிறது! எங்கள் பட்டிமன்றமே ஓடினாலும் சரி, அணைச்சிடுங்க! (பலத்த கைதட்டல்)

கருவி பயன்படாத பிள்ளைக்குச் சைகை மொழி இருக்கிறது. அதுவும் இலக்கணம் உள்ள முழுமொழிதான். ஆனால் வீட்டில் ஒருவரும் அதைக் கற்காவிட்டால், அந்தப் பிள்ளை யாரோடு பேசும்?

1887-இல் ஹெலன் கெல்லருக்கு வயது 6. பார்வையும் இல்லை, செவியும் இல்லை. ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை ஒரு கையில் தண்ணீரைப் பாயவிட்டு, மறு கையில் 'தண்ணீர்' என்ற சொல்லை விரலால் எழுதிக் காட்டினார். மொழி திறந்தது. எந்தக் கருவி இருந்தது அங்கே? பக்கத்தில் ஒரு மனுஷி இருந்தார்!

கருவியைச் சீக்கிரம் மாட்டுங்கள்; முதல் சில ஆண்டுகள் போனால் திரும்பி வராது. மாட்டிய கையோடு பேசவும் தொடங்குங்கள். கருவிக்கு பேட்டரி மாற்றலாம். அம்மாவுக்கு மாற்று ஏது? எனவே மனிதர்களே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.