கடல் கடந்த கல்வி



ஆங்கில ஆசிரியராக அயல்நாடு சென்று வாழ விழைவதாக மாகறல் இளைஞர் சிலர் என்னிடம் கூறினர். மகிழ்ச்சியே. செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த நம் இரட்டைமலை சீனிவாசனார் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரானார். ஆங்கிலம் மட்டுமன்று, தமிழும் கைவிடாதிருந்ததாலன்றோ அவ்வேலை கிட்டியது? நிறபேதம் மிகுந்த அந்நாட்டில் அவர் காலூன்றியது கல்வியால். ஆயினும் அங்கேயே தங்கிவிட்டாரில்லை. தாயகம் திரும்பி, சென்னைச் சட்டசபை உறுப்பினராகி, பொதுச்சாலையும் கிணறும் நமக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் கொணர்ந்தார்.

ஆதலின் இளைஞர்களே, பட்டத்தோடு பிழையறப் பேசும் பயிற்சியும் பெற்றுச் செல்லுங்கள். சென்ற இடத்து மக்களின் மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். முதல் ஊதியத்தில் ஒரு பங்கு, இங்குப் பயிலும் ஒரு பிள்ளையின் நூல்களுக்கு ஆகட்டும்.