நம் கதையை நாமே எழுதுவோம்

(கோலா தெர்லாவில் இளைஞர்களுக்கான கதைப் பட்டறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கதை எழுதுவதைப் பற்றிப் பேச ஒரு வழக்கறிஞனுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு பாட்டிக்குச் சத்தியப் பிரமாணம் தயாரித்தேன். லயத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பெற்றோர் பெயர், வேலை செய்த ஆண்டுகள் என்று பதினொரு பத்தி எழுதிப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் தம்பி. இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. சட்டம் கேட்டதை மட்டும் எழுதியிருந்தேன். முடிவு வருமுன் பாட்டி காலமாகிவிட்டார். அந்தப் பதினொரு பத்திதான் இன்று என் கோப்பில் மிச்சம்.

தோழர்களே, 1942, 43-இல் ஜப்பானியர்கள் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். அங்கே மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளின் கதையை 1957-இலேயே சினிமாவாக உலகம் பார்த்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் வந்ததோ 1993-இல். அதற்குள் எத்தனை சாட்சிகள் மண்ணுக்குள் போயிருப்பார்கள்!

நமக்கு எழுதத் தெரியாமல் இல்லை. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். 1952-இல் அங்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை நம் இளைஞர்களுக்கு வழிகாட்டினார். 1924-இல் பிறந்த அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுவிட்டது. வகுப்பு நிற்கக் கூடாது.

நான்கு விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, சினிமாவில் பார்த்த சென்னையை எழுதாதீர்கள். பெரட்டு, கூடை, கொழுந்து வெட்டும் கத்தரி, காலைப் பனி, இவை உங்களுக்குத் தெரியும். இங்கிருந்து தொடங்குங்கள்.

இரண்டு, கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். "கஷ்டப்பட்டீங்களா பாட்டி?" என்றால் "ஆமாம்" என்பார், முடிந்தது. "முதல் சம்பளத்துல என்ன வாங்குனீங்க?" என்று கேளுங்கள், கதை வரும். இது குறுக்கு விசாரணையில் நான் கற்றது.

மூன்று, துரையை அரக்கனாகவும் நம்மவர்களைத் தெய்வமாகவும் ஆக்காதீர்கள். நம் லயத்துக் குடியையும் சாதியையும், மனைவிமேல் விழும் அடியையும் எழுதுங்கள். இன்று கொழுந்து வெட்டும் வங்காளதேசத் தொழிலாளியையும் பாருங்கள். நம் தாத்தா தெரிவார். ஒருபக்கமாகப் பேசும் சாட்சியை நீதிபதியும் நம்பமாட்டார், வாசகரும் நம்பமாட்டார்.

நான்கு, வழக்கறிஞனாகச் சொல்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் அடையாளத்தையும் மாற்றுங்கள். அவதூறு வழக்குக்குப் பயந்து மட்டும் அல்ல. நம்மை நம்பிச் சொன்னவரைச் சந்தியில் நிறுத்தக் கூடாது.

இன்று இரவே வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். "இதுல நான் இருக்கேன்" என்று அவர் சொன்னால், அதுதான் முதல் பரிசு.